பின் வரிசை இன்னும் படிக்கல

எங்கள் ஊர் டாக்டர்கள் என் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் சல்லடை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சல்லடை. அவளுக்கும் இது தெரியும். முதன்முதலில் காதில் விழுந்த அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள், "ஓட்டை சல்லடைன்னு சொல்லாம விட்டாங்களே" என்று தானே சிரித்துவிட்டாள். ஆனால் வீட்டில் நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதற்குத் தனி உத்தரவு போட்டிருக்கிறாள்.

நான் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்!" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன ஆள். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி. அதனால் அவளைப் பற்றி நான் சொல்வதில் அங்கங்கே சூடு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் வேலை பார்ப்பது மருத்துவர் சங்கத்தில், டாக்டர்களுக்கு வகுப்பு நடத்துகிற பிரிவில். பட்டம் வாங்கியதோடு டாக்டர்களின் படிப்பு முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. வருடா வருடம் அவர்களும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்க வருவதும் டாக்டர்கள்தான். அவர்களில் சிலர் மருந்துக் கம்பெனிக்கு ஆலோசகர். சிலர் கம்பெனி செலவில் வெளியூர் போய்வந்தவர்கள். சிலருக்குக் கம்பெனியில் பங்கு இருக்கும். யார் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து பாடம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் மனைவியின் வேலை.

ஒவ்வொரு பேச்சாளரிடமும் முன்கூட்டியே கேட்பாள். எந்தக் கம்பெனியோடு என்ன தொடர்பு? உங்களுக்கு? வீட்டில் யாருக்காவது? சிலர் பட்டும் படாமலும் சொல்வார்கள். ஒருத்தர் பயந்துபோய், தன் மாமியார் அந்தக் கம்பெனி மாத்திரைதான் சாப்பிடுகிறார் என்பதைக்கூடச் சொல்லிவிட்டாராம். "அது தொடர்பு இல்ல டாக்டர், அது வியாதி" என்றிருக்கிறாள் இவள். பேச்சாளர் காட்டப்போகிற ஸ்லைடுகளை வாங்கி, அந்தத் துறையில் தொடர்பே இல்லாத இன்னொரு டாக்டரிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்க வைப்பாள். மாத்திரையின் கடைப்பெயர் எங்கே எட்டிப் பார்த்தாலும் அதை எடுத்துவிட்டு, மருந்தின் பொதுப்பெயரைப் போட வைப்பாள். கம்பெனிக்காரர்களின் மேசை வகுப்பு நடக்கும் கூடத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருக்கக் கூடாது, பக்கத்து அறையில்தான் இருக்க வேண்டும். யாராவது சாமர்த்தியமாக வழியில் போட்டுவிட்டால், ஆளைக் கூப்பிட மாட்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு தானே மேசையைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். நான் இரண்டு தடவை மறுமுனையைப் பிடித்திருக்கிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

தொடர்பு இருக்கிறவரைப் பேசவே விடக் கூடாது என்பவள் அவள் இல்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தாள். ஒரு வருடம், எந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்காத டாக்டர்தான் வேண்டும் என்று தேடித் தேடி ஒருவரைப் பிடித்துவந்தாள். அவருக்குக் கம்பெனியோடும் தொடர்பு இல்லை, அந்த நோயோடும் தொடர்பு இல்லை. கூடம் முழுக்கக் குறட்டை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "தொடர்பு இருந்தா பரவாயில்லங்க, மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். இருக்குன்னு தெரிஞ்சா அதுக்கு ஒரு வழி பண்ணலாம்" என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவனை இறக்கிவிட வேண்டியதில்லை. இன்னொரு கால் தயாராக இருந்தால் போதும்.

அவளுடைய பேர்போன வழக்கம் ஒன்று உண்டு. பேச்சாளர்கள் எல்லாரும் முதல் ஸ்லைடில் தங்கள் தொடர்புகளைக் காட்டியாக வேண்டும். காட்டுவார்கள். ஆனால் எப்படி? கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்திருக்கும். அதிலும் எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், அவருக்குப் பட்டப்பெயரே மின்னல். அவர் ஸ்லைடு வந்ததா, இல்லை விளக்குதான் விட்டு விட்டு எரிந்ததா என்று சந்தேகம் வரும். இவள் சும்மா இருப்பாளா? கூடத்தின் ஓரத்தில் நின்றபடி, அத்தனை பேர் முன்னாலும் குரல் கொடுப்பாள்.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க. பின் வரிசை இன்னும் படிக்கல."

மின்னலிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய் ஸ்லைடைக் காட்டுவார். அவருக்கு இவளைக் கண்டாலே ஆகாது. எதிரே வந்தால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறிப் போவார், எலும்பு டாக்டராக இருந்தும் முட்டியைப் பற்றிக் கவலைப்படாமல்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்டால் அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொல்வாள். மாமனார் ரத்தக் கொதிப்புக்கு ஒரு விலை உயர்ந்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினார். அவருடைய டாக்டர் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த வகுப்புக்குப் போய்விட்டு வந்து எழுதிக் கொடுத்தது. பிறகு வேறொரு டாக்டர், பழைய சாதாரண மாத்திரையே போதும் என்று மாற்றினார். அதுவும் அதே வேலையைத்தான் செய்தது. "விலை மாத்திரையால அப்பாவுக்குக் கெடுதல் ஒண்ணும் ஆகல. அதிகமா நல்லதும் ஆகல. அந்த டாக்டர் கெட்டவரும் இல்ல. யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு அவருக்கே தெரியல, அதுதான் எனக்கு ஆத்திரம்" என்பாள்.

இனி மகள் விஷயத்துக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

எங்களுக்கு ஒரே மகள். மருந்தியல் படித்தவள். முதலில் சேர்ந்த சிறிய கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றா சொல்வது? சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கல", வெளியே கூப்பிட்டால் "தலைவலி". வாயாடியாக இருந்த பெண். நான் வண்டியில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன், திடீரென்று அவள் முதுகு ஞாபகம் வரும். அந்த ஒரு வருடத்தில் நான் யாரிடமும் கத்தவே இல்லை என்று என் மாணவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். கத்தத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் இன்ஹேலர் தயாரிக்கிற கம்பெனி ஒன்றிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர்களைப் பார்த்துத் தங்கள் மருந்தைப் பற்றிச் சொல்கிற ரெப் வேலை. போய்விட்டு வந்தவள் வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "கிடைச்சிடுச்சுப்பா! அது மட்டும் இல்ல, நானும் அவங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"வேலை கேக்கப் போன இடத்துல நிபந்தனையா? என்ன, ஸ்கூட்டர் கேட்டியா?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஸ்கூட்டர்தான் போல என்று நானும் விட்டுவிட்டேன். அவள் சிரித்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. மனைவி கேக் வாங்கிவந்து மேல்வீடு, கீழ்வீடு எல்லாருக்கும் கொடுத்தாள். மகள் வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம், அவளுடைய டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்திவிட்டாள்.

"எந்தக் கம்பெனின்னு சொன்னா?"

சொன்னேன். அப்படியே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருடம் சங்கத்தின் பெரிய வகுப்பு ஆஸ்துமா பற்றியது. சும்மா ஏதோ ஒரு வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவள் மாதக்கணக்கில் தூக்கிச் சுமந்த வகுப்பு. எங்கள் மகளுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார், எப்படி இழுப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழந்தை ஒரு வருடம் போல மருந்தை நாக்கில் அடித்துக்கொண்டிருந்தது, நெஞ்சுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. கடைசியில் ஒரு நர்ஸ் பார்த்துத் திருத்தினார். அதை மனதில் வைத்துக்கொண்டுதான், டாக்டர்கள் ஒவ்வொருவரும் வெற்று இன்ஹேலரைக் கையில் பிடித்து இழுத்துக் காட்டினால்தான் புள்ளி என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். எல்லாக் கம்பெனி மாதிரிகளும் லேபிள் இல்லாமல் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தன. அந்த வகுப்பை இப்போது அவள் தொடக் கூடாது.

"இந்த வாரம் குழுக் கூட்டம் இருக்கு. அங்க சொல்லிட்டு விலகிடறேன்" என்றாள். மகளும் அதற்கு, "சொல்லும்மா, அதான் சரி" என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

வியாழக்கிழமை மகள் வேலையிலிருந்து வந்ததும் முதலில் என்னிடம்தான் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளுடைய ஏரியா மேனேஜருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அம்மா எங்கே வேலை பார்க்கிறார் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, தோளைத் தட்டாத குறையாகச் சிரித்துப் பேசியிருக்கிறான். ஆஸ்துமா வகுப்பில் பேசுவதற்கு நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், அம்மாவிடம் அவர் பெயரைக் காதில் போட்டுவை, நீ இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பது ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறான். வகுப்பு முடிந்த மறுவாரம்தான் அவள் நிரந்தரம் ஆவாளா, இல்லையா என்பது தெரியும்.

அந்த டாக்டரின் பெயரை மகள் என்னிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் போய்ப் பக்கத்தில் நின்று, "அம்மா, ஒரு டாக்டர் பேரு சொல்லச் சொன்னாங்க. அவர் வந்து..." என்று ஆரம்பித்தாள். அடுத்த நொடி இவள் சோப்பு நுரை வழிகிற இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதே! சொல்லாதேடி! ஏங்க, இவ வாயை மூடுங்க!"

"அம்மா, நான் சிபாரிசு பண்ணல. அவன் கேட்டான்னு மட்டும்தான்..."

"பேர் என் காதுல விழுந்தா அவ்வளவுதான். அவரைப் போட்டா உனக்காகப் போட்ட மாதிரி. போடலைன்னா உன்னால அவருக்கு வகுப்பு போன மாதிரி. அவர் பாவம், அவருக்கே இது தெரியுமோ என்னமோ. யாரோ ஒருத்தர் பேர் கேட்டாங்கங்கறது வரைக்கும் எனக்குப் போதும்."

காது மடலிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, மகள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அப்போ கூட்டத்துல இதையும் சொல்லப் போறியா?"

"சொல்லித்தானே ஆகணும்."

"இப்போ நீ விலகினா நான்தான் போட்டுக் கொடுத்தேன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்மா. வேலை போயிடும். வகுப்பு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கோ. நீ ஒண்ணும் தப்பு செய்யப் போறதில்ல. அந்த ஆளையும் கூப்பிடப் போறதில்ல. சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்கு வேற சொல்லிட்டே, அவர் தூக்கத்துல உளர்ற ஆளு."

மகள் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகை மறுபடி பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் என் மனைவியிடம் எகிறினேன். "பெத்த பொண்ணை விட அந்த டாக்டருங்க பெரிசாப் போயிட்டாங்களா? ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தா குடியா முழுகிடும்?" என்று கத்தினேன். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கத்தல் அது. அவள் திருப்பிக் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் பயமில்லையாங்க?" என்றாள். அழுதுவிட்டாள். அழுதுகொண்டே மீதிப் பாத்திரத்தையும் கழுவி முடித்தாள்.

கூட்டத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். உள்ளே நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். சங்கத் தலைவர் இதய டாக்டர், நல்ல மனுஷர், எதையும் பெரிதுபடுத்தாதவர். மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை வீசிவிட்டார்.

"விடுங்க மேடம். உங்களையே நம்பலைன்னா நாங்க வேற யாரை நம்புறது?"

"நீங்க நம்புறீங்க டாக்டர். உங்களுக்கு என்னைத் தெரியும். என்னைத் தெரியாதவங்க எதை வச்சு நம்புவாங்க?"

அதற்குப் பிறகு, ஒரு பெயரைச் சொல்லச் சொல்லி மகளிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் யார் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. எந்த டாக்டர் என்று கேட்டதற்கு, "எனக்கே தெரியாது, காதைப் பொத்திக்கிட்டேன்" என்றிருக்கிறாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். ஆனால் ஏற்பாட்டைச் சரியாகச் செய்தார்கள். பேச்சாளர் தேர்வும் ஸ்லைடு பார்ப்பதும் ஓய்வுபெற்ற குழந்தை டாக்டர் ஒருவரிடம் போனது. வெற்று இன்ஹேலர்கள் இருந்த அலமாரிச் சாவியையும் இவள் அவரிடம் கொடுத்துவிட்டாள். இவளுக்கு மிஞ்சியது நாற்காலி, மைக், சாப்பாடு. வகுப்பின் தொடக்கத்தில் ஏற்பாட்டாளர்களின் தொடர்புகளை மேடையில் படிப்பது எப்போதும் இவள்தான். இந்த முறை வேறு யாராவது படிக்கட்டும் என்றார் தலைவர். "என்னோடதை நானே படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது நரகம். அம்மாவும் பெண்ணும் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது, வேறு எதையும் பேச மனசில்லை. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் மழை வருமா வராதா என்பதுதான் பேச்சு. அதையும் என்னிடம்தான் சொல்வார்கள். "அப்பா, குடை எங்கேன்னு கேளு." "ஏங்க, கதவுக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்லுங்க." இதற்கு நடுவில் எனக்கு அந்தப் பெயர் வேறு நாக்கு நுனியிலேயே நின்றது. டிவியில் யாருக்காவது அதே பெயர் வந்தால் திடுக்கென்று சத்தத்தைக் குறைப்பேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.

வகுப்பு நாள் வந்தது. பயிற்சி வண்டிக்கு விடுமுறை விட்டுவிட்டு நானும் போனேன். குடிநீர்ப் பெட்டிகளைத் தூக்கி வைக்கிற சாக்கில் கூடத்தின் பின்னால் நின்றுகொண்டேன். கம்பெனிக்காரர்கள் தொடக்கத்துக்கு மட்டும் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கலாம் என்பது விதி. என் மகள் அங்கே நின்றாள், கழுத்தில் கம்பெனி அட்டை. பக்கத்தில் அந்த மேனேஜர், நன்றாக வாரிய தலை. இன்னொரு பக்கம் நரைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மாள். தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார் என்று மகள் உதட்டசைவில் எனக்குச் சொன்னாள். அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் சொன்ன அந்த டாக்டரும் வந்திருந்தார், மகள்தான் கண்ணால் காட்டினாள். பேச்சாளராக இல்லை, பாடம் கேட்க. மூன்றாம் வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

என் மனைவி மேடை ஏறினாள். தலைவருக்குத் தொடர்பு இல்லை, குழந்தை டாக்டருக்குத் தொடர்பு இல்லை என்று நிதானமாகப் படித்தாள். அடுத்தது அவளுடைய ஸ்லைடு. இந்த வகுப்பின் அலுவலரின் மகள் இன்ன கம்பெனியில் வேலை செய்கிறார், ஆகவே பேச்சாளர் தேர்விலும் பாடத்திலும் அலுவலர் பங்கு பெறவில்லை என்று திரையில் வந்தது. கம்பெனியின் பெயரும் இருந்தது.

அந்த நேரத்தில் அவள் நிமிர்ந்து கடைசி வரிசைக்குப் பின்னால் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள், பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். பாதி வார்த்தையை விழுங்கியபடி கடகடவென்று படித்து, பொத்தானை அமுக்கிவிட்டாள். ஸ்லைடு போய்விட்டது. திரையில் நுரையீரல் படம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயுசு முழுக்க அடுத்தவர்களை நிறுத்தி வைத்தவள், தன் முறை வந்ததும் மின்னலைத் தோற்கடித்துவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாடா, யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"மேடம்!"

கூடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல். எலும்பு டாக்டர். எத்தனையோ வருடமாகக் காத்திருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. பின் வரிசை இன்னும் படிக்கல!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. மைக் பார்த்துக்கொள்கிறவர்கூடச் சிரித்தார். இவள் முகம் சிவந்து, தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்தாள். உதட்டைக் கடித்தபடி திரும்பிப் போய் அந்த ஸ்லைடைத் திரையில் வைத்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள், இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக. முடித்துவிட்டுப் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சிரிப்பு தானாக அடங்கியது. எல்லாரும் படித்தார்கள். மின்னல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "படிச்சாச்சு. நன்றி மேடம்" என்று சொல்லி உட்கார்ந்தார். அதில் கேலி இல்லை. எனக்கு அவரை அன்றைக்குத்தான் பிடித்தது.

தலைமை அலுவலக அம்மாளும் படித்தார். படித்துவிட்டுத் திரும்பி மேனேஜரைப் பார்த்தார், பிறகு என் மகளைப் பார்த்தார். வெளியே போகும்போது மகளிடம், "திங்கட்கிழமை என்னை வந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

வகுப்பு நன்றாக நடந்தது. டாக்டர்கள் வரிசையில் நின்று வெற்று இன்ஹேலரை இழுத்துக் காட்டினார்கள், பாதிப் பேர் முதல் தடவை தப்பாக இழுத்தார்கள். என் மனைவி அந்தப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மகளைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம், நானும் அவள் அம்மாவும். இவள் சீட்டு ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடாத வண்டியில் கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தேன். வேலை போனால் போகட்டும், அந்தச் சுவர் மட்டும் மறுபடி வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

மகள் வெளியே வந்தாள். நடந்து வரவில்லை, ஓடிவந்தாள். பின் கதவைத் திறந்து விழுந்து, "நிரந்தரம் பண்ணிட்டாங்கம்மா!" என்றாள். அவள் அம்மா முன்சீட்டிலிருந்து திரும்ப முடியாமல் திரும்பி, அவள் தலையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் ஹாரனை அமுக்கிவிட்டேன், தெரியாமல்தான்.

மூச்சு வாங்கியபடி மகள் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் நேராகவே கேட்டிருக்கிறார், அம்மாவிடம் ஏதாவது கேட்கச் சொன்னார்களா என்று. மகளும் இந்தத் தடவை மறைக்கவில்லை. மேனேஜரை டாக்டர்களே இல்லாத வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், சங்கத்துக்கும் எழுதப் போகிறார்கள். இவளுக்கு வேறு மேனேஜர், வேறு ஏரியா.

"அவங்களுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சது?" என்று கேட்டேன்.

மகள் கொஞ்சம் தயங்கினாள். "இன்டர்வியூல அவங்களும் உட்கார்ந்திருந்தாங்கப்பா. நான் போட்ட நிபந்தனை அவங்களுக்கு ஞாபகம் இருந்தது."

"ஸ்கூட்டரா?"

"என்ன ஸ்கூட்டர்! எங்கம்மா மருத்துவர் சங்கத்துல வகுப்பு நடத்துறாங்க, அவங்ககிட்ட எதையும் கேட்கச் சொல்லி என்னை அனுப்பக் கூடாது, சம்மதம்னா வரேன்னு சொன்னேன். அதைக் கேட்டுத்தான் உன்னை எடுத்தோம்னு இன்னைக்குச் சொல்றாங்க. அம்மா அந்த ஸ்லைடை எடுக்காம நிறுத்தி வச்சதைப் பார்த்ததும், இந்தப் பொண்ணு எங்கேருந்து வந்தான்னு புரிஞ்சுதாம்."

என் மனைவிதான் மெதுவாகக் கேட்டாள். "இவ்வளவும் நீயே சொல்லிட்டு வந்திருக்கே. அப்புறம் ஏண்டி என்னைச் சொல்லாதேன்னே?"

"அதைச் சொன்னப்போ எனக்கு வேலை இல்லம்மா, பயமும் இல்ல. வேலை வந்த பிறகுதான் பயம் வந்துச்சு."

என் மனைவி அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எனக்கும் வந்துச்சு" என்றாள். "மேடையில நின்னப்போ எனக்கும் வந்துச்சுடி. அந்த எலும்பு டாக்டர் இல்லைன்னா அப்படியே ஓடியிருப்பேன்." அழுகையும் சிரிப்புமாக இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். வீட்டில் திரும்பவும் நேரடிப் பேச்சுவார்த்தை ஆரம்பமாகிவிட்டது. குடை விசாரணையிலிருந்து எனக்கு விடுதலை.

வண்டியைக் கிளப்பினேன். மனசு லேசாகி, நாக்கும் லேசாகிவிட்டது.

"எல்லாம் முடிஞ்சாச்சு. இப்பவாவது அந்த டாக்டர் பேரைச் சொல்லட்டுமா? எத்தனை நாளா அடக்கி வச்சிருக்கேன் தெரியுமா? அவர் மூணாவது வரிசையில..."

சொல்லி முடிப்பதற்குள் என் மனைவியின் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டன. பின்சீட்டில் பார்த்தால், மகளும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நல்ல டாக்டரா இருந்தா அடுத்த வருஷம் குழுவே கூப்பிடும். நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் சல்லடை.